பள்ளியில் கணிதமோ அறிவியலோ கற்பிக்க ஓராண்டில் எவ்வாறு ஆயத்தமாவது?

புதுச் சுண்ணக்கட்டி:

அனைவருக்கும் வணக்கம். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, ஆறு ஆண்டுகள் மென்பொருள் துறையில் வேலை பார்த்த பிறகு, பள்ளி ஆசிரியராவது என்று முடிவெடுத்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிப் படிப்பு தொடங்க ஏறத்தாழ ஓராண்டு இருக்கிறது. சேர்க்கை, தகுதித் தேர்வு, சான்றிதழ் முதலியவை நாட்டுக்கு நாடு மாறுபவை என்பதால் அவற்றை நானே விசாரித்துக்கொள்வேன். என் கேள்வி வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றியது.

சென்ற மாதம், ஏழாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள் ஒரு கணக்கோடு வந்தாள். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்று கேட்டாள். "அது விதி, அப்படியே வைத்துக்கொள்" என்றேன். அவள் மறுபேச்சின்றி எழுதிக்கொண்டு போய்விட்டாள். குவாண்டம் இயக்கவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவனுக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை என்பதைவிட, விடை தெரியாது என்பதே அதுவரை தெரியாமல் இருந்ததுதான் என்னை உறுத்துகிறது.

கல்லூரிப் புத்தகங்களை மறுபடி படிப்பதா, பள்ளிப் பாடநூல்களைப் படிப்பதா, கற்பித்தல் உளவியல் படிப்பதா என்று குழம்புகிறேன். கணிதம், இயற்பியல் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் தெளிவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தலைகீழ்ப் பின்னம்:

வணக்கம் தம்பி. நான் 22 ஆண்டுகளாக நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். உங்கள் அக்காள் மகளின் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஆயத்தம் என்று நான் எதைக் கருதுகிறேன் என்பது அதிலேயே இருக்கிறது.

எந்த எண்ணையும் 0 ஆல் பெருக்கினால் 0. ஆகவே (−1) × 0 = 0. இங்கே 0 என்பதை 1 + (−1) என்று எழுதலாம். பங்கீட்டு விதிப்படி பிரித்தால், (−1) × 1 என்பதும் (−1) × (−1) என்பதும் சேர்ந்து 0 ஆக வேண்டும். முதல் உறுப்பு −1. அதனோடு எதைக் கூட்டினால் 0 கிடைக்கும்? 1 தான். ஆக, நாம் முன்பே ஏற்றுக்கொண்ட விதிகள் குறை எண்களுக்கும் பொருந்த வேண்டுமென்றால் வேறு விடைக்கு இடமே இல்லை. இது கணிதத்தின் விடை. ஆனால் ஏழாம் வகுப்பில் இதை இப்படியே எழுதினால் பாதிப் பேர் பங்கீட்டு விதியிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0 என்று வரிசையாக எழுதச் சொல்லி, ஒவ்வொரு படியிலும் விடை 2 கூடுவதை அவர்களே கண்டபின், அடுத்த வரி என்ன என்று கேட்பேன். வகுப்பே 2 என்று சொல்லும். இது நிரூபணம் ஆகாது. ஆனால் நிரூபணத்தைக் கேட்கும் ஆவலை உண்டாக்கும். இரண்டும் தெரிந்திருப்பதும், எதை எந்த வகுப்பில் எடுப்பது என்று தெரிந்திருப்பதும்தான் ஆசிரியரின் தனி அறிவு. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986 இல் இதைப் பாட அறிவிலிருந்தும் பொதுவான கற்பித்தல் திறனிலிருந்தும் வேறுபட்ட ஓர் அறிவாகவே பிரித்துக் காட்டினார்.

லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 23 அமெரிக்க ஆசிரியர்களையும் 72 சீன ஆசிரியர்களையும் ஒப்பிட்டு 1999 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. 1¾ ÷ ½ என்பதற்கு விடை காணவும், அதற்குப் பொருத்தமான ஒரு கதைக் கணக்கு அமைக்கவும் அவர்களிடம் கேட்கப்பட்டது. அமெரிக்க ஆசிரியர்களில் சரியாகக் கணக்கிட்டவர்களே பாதிக்கும் குறைவு. பொருத்தமான கதை சொன்னவர் ஒருவர் மட்டுமே, அதிலும் குறை இருந்தது. பலர் அரையால் வகுப்பதை இரண்டாகப் பங்கிடுவதோடு குழப்பிக்கொண்டார்கள். நீங்களும் இப்போதே ஒரு தாளை எடுத்து முயன்று பாருங்கள். 1¾ மீட்டர் நாடாவிலிருந்து அரை மீட்டர்த் துண்டுகள் எத்தனை கிடைக்கும் என்று கேட்டால் விடை 3½. அதே நாடாவை இருவருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ⅞ மீட்டர். இரண்டாவது கதை வேறு கணக்கு. "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரால் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாவிட்டால், மாணவருக்கு மிஞ்சுவது தலைகீழாக்கும் பழக்கம் மட்டுமே.

எனவே, கல்லூரிப் புத்தகங்களை இந்த ஓராண்டுக்கு மூடி வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்களை எடுத்து, ஒவ்வொரு விதிக்கும் அடியில் "ஏன்" என்று எழுதி, விடை சொல்ல முடியாதவற்றைத் தனிக் குறிப்பேட்டில் சேருங்கள். அந்தக் குறிப்பேடு நீங்கள் நினைப்பதைவிடத் தடிமனாகும். எனக்கு ஆயிற்று.

அடுத்தது இதைவிட முக்கியமானது: தவறான விடைகளைச் சேகரியுங்கள். தெரிந்த பிள்ளைகளிடம் பழைய விடைத்தாள்களை வாங்கி, சிவப்பு மை விழுந்த இடங்களை மட்டும் படியுங்கள். மாணவர்கள் கவனக்குறைவால் மட்டும் தவறு செய்வதில்லை; பெரும்பாலான தவறுகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கான, ஆனால் பிழையான விதி இருக்கிறது. தசம எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 0.35, 0.8 இரண்டில் பெரியது எது என்று கேட்டால் சிலர் 0.35 என்பார்கள், 35 என்பது 8 ஐவிடப் பெரியது என்பதால். இது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். ஆனால் நேர் எதிராக நினைக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது என்பதைக் கற்றுக்கொண்டு, ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கங்கள் குறைவாக உள்ள எண்ணே எப்போதும் பெரியது என்று முடிவு கட்டியவர்கள் இவர்கள். 0.35, 0.8 என்ற கேள்விக்கு இவர்கள் 0.8 என்று சரியாகவே சொல்லிவிடுவார்கள். நீங்களும் சரி என்று குறியிட்டுக் கடந்துவிடுவீர்கள். இவர்களைக் கண்டுபிடிக்க 0.4, 0.73 என்ற இணையையும் கேட்க வேண்டும்; அங்கே முதல் கூட்டத்தார் சரியாகச் சொல்வார்கள், இவர்கள் 0.4 என்பார்கள். இரண்டு இணைகளையும் சேர்த்துக் கேட்காத வரை, உங்கள் வகுப்பில் யாருக்கு எது புரியவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. கேள்வியில் எந்த எண்களைப் போடுவது என்று அரை மணி நேரம் யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டால், ஆயத்தத்தில் பெரும்பகுதி முடிந்தது என்பேன்.

சமக்குறியையும் மறக்காதீர்கள். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொன்னால், 12 என்று எழுதும் பிள்ளைகளையும், எல்லாவற்றையும் கூட்டி 17 என்று எழுதும் பிள்ளைகளையும் பார்ப்பீர்கள். அவர்களுக்குச் சமக்குறி "விடையை இங்கே எழுது" என்ற கட்டளை. இருபுறமும் சமம் என்ற உறவு அல்ல. இயற்கணிதத்தில் அவர்கள் திணறுவதற்கான வித்து தொடக்க வகுப்புகளிலேயே விழுந்திருக்கிறது.

சோதனைக்குழாய்:

மேலே உள்ள பதிலை முழுதும் ஏற்கிறேன். ஆனால் கணித ஆசிரியர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை அறிவியல் ஆசிரியர்களுக்கு உண்டு. குறை எண்களைப் பெருக்குவது பற்றி எந்தக் குழந்தையும் முன்கூட்டியே ஒரு கொள்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. வெப்பம், விசை, மின்சாரம், செடி வளர்வது, பருவங்கள் மாறுவது பற்றியெல்லாம் பத்து வயதுக்குள் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கொள்கை இருக்கிறது. நாம் வெற்றுப் பலகையில் எழுதவில்லை, ஏற்கெனவே எழுதப்பட்ட பலகையில் எழுதுகிறோம். எழுத்து மாறுவது எளிதல்ல.

1987 இல் ஆர்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பட்டதாரிகளும் பேராசிரியர்களுமாக 23 பேரிடம் சில அடிப்படைக் கேள்விகள் கேட்கப்பட்டுப் படமாக்கப்பட்டன. கோடையும் குளிரும் ஏன் வருகின்றன என்பது அவற்றுள் ஒன்று. 21 பேரால் இதையோ நிலவின் பிறைகள் மாறுவதையோ சரியாக விளக்க முடியவில்லை. பருவங்களுக்குப் பெரும்பாலோர் சொன்ன காரணம், பூமி சூரியனுக்கு அருகில் செல்வதும் விலகுவதும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், வருவது சனவரித் தொடக்கத்தில். மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது சூலைத் தொடக்கத்தில். வடகோளத்தில் சனவரி குளிர்காலம், தென்கோளத்தில் அதே மாதம் கோடை. தொலைவே காரணமானால் இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நிகழும்? பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதே காரணம் என்று முதலிலேயே சொல்லிவிடாமல், இந்த முரண்பாட்டை மாணவர்கள் முன் வைத்து, அவர்களுடைய கொள்கை அவர்கள் கையிலேயே உடைய விட வேண்டும். அதன் பிறகு சொல்லும் விளக்கம்தான் நிலைக்கும்.

உங்களைப் போல் இயற்பியல் படித்தவர்கள் தங்களையே சோதித்துப் பார்க்கத்தக்க ஒன்று: ஒரு மின்கலம், ஒரு சிறு டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பித் துண்டு. பல்பை எரிய வையுங்கள். சுற்றுகளைச் சமன்பாட்டில் தீர்க்கத் தெரிந்தவர்களே பல்பின் எந்த இரு இடங்களில் தொடர்பு வேண்டும் என்று தெரியாமல் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். பல்பின் அடிமுனை ஒன்று, பக்கவாட்டு உலோக உறை மற்றொன்று. பிறகு, பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை இணைத்து மின்னோட்டம் குறைகிறதா என்று பாருங்கள். பல்பு மின்னோட்டத்தைத் "தின்றுவிடுகிறது" என்று நம்பும் மாணவர்களுக்கு அந்த ஒரே அளவீடு பத்து நிமிடப் பேச்சைவிட அதிகம் சொல்லும். அதுபோல, மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் முடுக்கம் என்ன என்று கேளுங்கள். பூச்சியம் என்பார்கள். திசைவேகம்தான் பூச்சியம், முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீ/வி².

அறிவியல் வரலாறும் கைகொடுக்கும். மரத்தின் நிறை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மண் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் வான் எல்மாண்ட் 200 பவுண்டு உலர்மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை 169 பவுண்டுக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. மண் இழந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். ஆகவே மரம் முழுதும் நீரால் ஆனது என்று முடிவு செய்தார். அவர் இறந்தபின் 1648 இல் வெளிவந்த இந்த ஆய்வின் சிறப்பே, அளவீடு சரியாக இருந்தும் முடிவு பாதிதான் சரியாக இருந்தது என்பது. காற்றிலுள்ள கரியமில வாயுவை அவர் கணக்கில் கொள்ளவில்லை. அவர் எதை விட்டுவிட்டார் என்று எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை போதாது.

ஆய்வகம் பற்றி ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வகுப்பில் செய்து காட்டும் எந்தச் சோதனையையும் அதற்கு முன் தனியாக ஒரு முறையேனும் செய்து பார்க்காமல் மாணவர் முன் செய்யாதீர்கள். அடர் கந்தக அமிலத்தை நீரில்தான் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் வாய்ப்பாடமாகத் தெரியும். ஆனால் 40 பேர் சுற்றி நின்று பேசும்போது கை அதைச் செய்ய வேண்டும். மெத்தனாலை ஊற்றி வண்ணச் சுடர்களைக் காட்டும் விளையாட்டால் பல நாடுகளில் மாணவர்கள் தீக்காயம் அடைந்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் வியக்க வேண்டும் என்பதற்காக எந்தச் சோதனையையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இரண்டாம் ஆண்டு:

நான் பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடக்கிறது. மூத்தவர்கள் சொன்னவை அனைத்தும் உண்மையே. இருந்தாலும், அவற்றை மட்டும் படித்துவிட்டு வகுப்புக்குள் நுழைபவருக்கு என்ன நடக்கும் என்பதை என் கதையிலிருந்து சொல்கிறேன்.

வேதியியலில் நான் நன்றாகவே ஆயத்தமாகியிருந்தேன். முதல் நாள் ஒன்பதாம் வகுப்பில் அணு அமைப்புக்காக நான் திட்டமிட்டது 45 நிமிடப் பாடம். வருகைப் பதிவு, இடம் மாற்றி உட்கார்ந்தவர்களின் சச்சரவு, இரண்டு பேரிடம் பேனா இல்லை, ஒருவருக்கு மயக்கம். எனக்குக் கிடைத்தது 26 நிமிடம். அதிலும் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசியதால் பின்வரிசைக்குக் குரல் போகவில்லை. பாடம் முடிந்ததும் புரிந்ததா என்று கேட்டேன், புரிந்தது என்றார்கள். மறுநாள் கேட்டபோது ஒருவருக்கும் ஒன்றும் நினைவில் இல்லை. நான் பயிற்சி பெற்ற நிறுவனத்தில் பாடக்குறிப்பை வண்ண மையில் எழுதுவதற்குக் கொடுத்த முக்கியத்துவத்தில் நாலில் ஒரு பங்கை நாங்கள் நின்று பேசுவதைப் பார்த்துத் திருத்துவதற்குக் கொடுத்திருந்தால் அந்த முதல் பருவம் அவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது.

ஆகையால், இந்த ஓராண்டில் வாரத்துக்கு இரண்டு நாளாவது பிள்ளைகளுக்கு நேரில் சொல்லிக்கொடுங்கள். ஒரே பிள்ளைக்கு அல்ல. ஐந்தாறு பேர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவருக்குப் புரிந்து மற்றவருக்குப் புரியாத நிலையை எதிர்கொள்வதுதான் வகுப்பறை. உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். எனக்கு முதல் பதிவைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை "சரியா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாடக்குறிப்பு:

ஆசிரியர் பயிற்சியில் பணிபுரிபவள் என்ற முறையில் மேலே வந்த குற்றச்சாட்டில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். வண்ண மை தேவையில்லை. ஆனால் பாடக்குறிப்பு தேவை. அதில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி. பெரும்பாலான குறிப்புகளில் ஆசிரியர் என்ன செய்வார் என்பதே நிறைந்திருக்கும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் நீங்கள் கேட்கப்போகும் கேள்வியையும், வலப்புறம் மாணவர்கள் சொல்லக்கூடிய விடைகளையும், தவறானவை உட்பட, எழுதிப் பாருங்கள். சப்பானில் ஆசிரியர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் மாணவர்களைக் கவனித்து, பிறகு கூடி விவாதிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவர்களுடைய குறிப்புகளில் மாணவரிடம் எதிர்பார்க்கும் விடைகளுக்குத் தனி இடமே இருக்கும்.

கேள்வி கேட்டபின் காத்திருக்கவும் பழக வேண்டும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். 3 வினாடிகளோ அதற்கு மேலோ காத்திருந்தபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். கேட்பதற்கு எளிது. வகுப்பின் முன் நின்று வாய் திறக்காமல் மூன்று வினாடி இருந்து பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்பது தெரியும்.

கணிதமா, இயற்பியலா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. ஒரே கருத்தை வெவ்வேறு எண்களில் சலிப்பின்றித் திரும்பச் செய்வதில் உங்களுக்கு இன்பம் உண்டென்றால் கணிதம். கருவிகளைத் துடைத்து, எண்ணி, அடுக்கி வைப்பதில் பொறுமை உண்டென்றால் இயற்பியல். பலர் இந்த இரண்டாவதை யோசிப்பதே இல்லை. இரண்டையும் கற்பிக்கும் வாய்ப்பு கிடைத்தால் நடுநிலை வகுப்புகளில் தொடங்குங்கள்.

புதுச் சுண்ணக்கட்டி:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பத்து நாள்களில் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். டார்ச் பல்பை எரிய வைக்க எனக்கு நான்கு முயற்சிகள் ஆயின. அக்காள் மகளையும் அவள் தோழிகள் நால்வரையும் உட்கார வைத்து 0.35, 0.8 என்ற இணையைக் கேட்டேன், ஐவரும் 0.8 என்றார்கள். பெருமையாக இருந்தது. பிறகு 0.4, 0.73 கேட்டேன். இருவர் 0.4 என்றார்கள், அவர்களில் ஒருத்தி வகுப்பில் முதலிடம் வாங்குபவள். ஏன் என்று கேட்டுவிட்டு மூன்று வினாடி காத்திருந்தேன். "பத்தாகப் பிரித்தால் துண்டு பெரிதாக இருக்கும், நூறாகப் பிரித்தால் சிறிதாக இருக்கும், அதனால்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை, முடிவு மட்டும் தவறு. அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

தலைகீழ்ப் பின்னம்:

நீங்கள் எதுவும் சொல்லியிருக்க வேண்டாம். துண்டு சிறிதுதான் என்று ஒப்புக்கொண்டு, எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்று கேட்டால் போதும். அடுத்த முறை ஒரு நூறு கட்டச் சதுரத்தாளை எடுத்துப் போங்கள். பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு வரிசையே பத்தில் ஒரு பங்கு என்று முதலில் அவளே சொல்லட்டும்; பிறகு 0.4 ஐ ஒரு தாளிலும் 0.73 ஐ மற்றொன்றிலும் நிழலிடட்டும். முடிந்ததும் உடனே 0.4, 0.40 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். அவள் தயங்கினால் இன்னும் ஒரு நாள் வேலை இருக்கிறது.